உலகத்தைச் சூடாக்கிய வீரையா

உலகம் சூடாகி வருவதற்கு யார் காரணம் என்று பெரிய பெரிய நாடுகளெல்லாம் குளிரூட்டிய மண்டபங்களில் கூடி ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருந்த காலத்தில், குன்னூருக்கும் ஜெகதளாவுக்கும் நடுவே பெல்மூர் எஸ்டேட் கீழ் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஏழாம் நம்பரில் குடியிருந்த வீரையா என்பவர், "நாந்தாங்க" என்று தானாக முன்வந்து ஒப்புக்கொண்டார். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மனித குலத்தில் இதுவரை இப்படி ஒப்புக்கொண்டவர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் விவரமாக எழுதிவைப்பது நம் கடமையாகிறது.

ஆள் ஐந்தடி மூன்று அங்குலம். எடை நாற்பத்தாறு கிலோ. இடுப்பில் சுற்றிய சாக்கு மழையில் நனைந்திருந்தால் நாற்பத்தெட்டு. இந்த உடம்பை வைத்துக்கொண்டு துருவப் பனியை எப்படி உருக்கினார் என்று சந்தேகம் வருவது இயற்கை. அவர் வீட்டில் மின்சாரத்தைத் தின்னும் பொருள் என்று பார்த்தால் ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு. அதுவும் எஸ்டேட் ஆபீஸ் கருணை வைத்தால் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை தின்னும். மற்றபடி ஒரு கட்டில், இரண்டு கம்பளி, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போன மகள் இந்துமதியின் கல்யாண போட்டோ, ஓரம் தேய்ந்த ஓர் இரும்புச் சட்டி. உலகத்தைச் சூடாக்கியதில் அந்தச் சட்டிக்குத்தான் முக்கியப் பங்கு உண்டு என்று பின்னால் முடிவாயிற்று.

ஒப்புக்கொள்வது அவருக்குப் பரம்பரைத் தொழில் அல்ல. சொந்த முயற்சியில் கற்றது. இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அங்கே விடிகாலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் வாசிப்பதற்குப் பெரட்டு என்று சொல்வார்கள். முந்தின நாள் ஏதாவது தப்பு நடந்திருந்தால் தொரை பெரட்டுக் களத்துக்கு வந்து, "யார் செஞ்சது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் மொத்தக் கேங்குக்கும் அரைநாள் சம்பளம் வெட்டு. அதற்கு அரைப்பேர் என்று பெயர். யாராவது ஒருவர் "நாந்தாங்க" என்று சொல்லிவிட்டால் அவருக்கு மட்டும் வெட்டு, மற்றவர்கள் தப்பித்தார்கள். தப்பித்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அன்றைக்குக் கொழுந்து நிறுக்கும் முன்னால் ஒவ்வொரு பெண்ணும் தன் கூடையிலிருந்து ஒரு பிடி எடுத்து, ஒப்புக்கொண்டவர் வீட்டுப் பெண்ணின் கூடையில் போடுவாள். நாற்பது பேர் கேங் என்றால் நாற்பது பிடி. போன அரைப்பேர் எடையில் திரும்பி வந்துவிடும். தொரைக்குக் குற்றவாளி கிடைத்த திருப்தி, கேங்குக்குச் சம்பளம் தப்பிய திருப்தி, உண்மையில் தப்பு செய்தவருக்கு எல்லாரையும்விடப் பெரிய திருப்தி. இவ்வளவு சிக்கனமான நீதிமன்றம் வேறெங்கும் நடந்ததில்லை.

பதினாறு வயதில், முற்றிப்போன இலையைக் கொழுந்தோடு சேர்த்துப் பறித்த குற்றத்தை வீரையா முதன்முதலாக ஒப்புக்கொண்டார். அவர் கொழுந்து பறிக்கும் ஆளே இல்லை, மண்வெட்டி ஆள். தொரை அதை விசாரிக்கவில்லை. அன்றே கேங்குக்குத் தெரிந்துவிட்டது, பையனுக்கு இந்த வேலையில் எதிர்காலம் உண்டு என்று. தலையைக் குனிந்து, வலது கையால் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு என்னுதுதாங்க தொரை. இனிமே நடக்காதுங்க" என்பார். குரலில் அழுகையும் இருக்காது, திமிரும் இருக்காது. பங்களாக் கண்ணாடி உடைந்த நாளில் அவர் வயிற்று ஆபரேஷனாகி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வந்ததும் அதையும் ஒப்புக்கொண்டார். அதுவும் செல்லுபடியாயிற்று.

பிறகு, யார் இந்தியாவுக்குப் போவது, யார் இலங்கையிலேயே இருப்பது என்று பாரம் நிரப்பச் சொன்ன காலம் வந்தது. அப்பா ஒன்று சொல்ல, அம்மா ஒன்று சொல்ல, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தியாவுக்குப் போறோம்னு சொன்னது யார்?" என்று கேட்டார். வீரையா பழக்கதோஷத்தில், "நாந்தாங்க" என்றார். குடும்பம் கப்பலேறியது. மண்டபம் முகாமிலும், அதற்குப் பிறகு பெல்மூரிலும், சோறு குழைந்தால்கூட அம்மா, "இவன்தான் சொன்னான்" என்று சொல்லிக்கொண்டே இருந்து, அப்படிச் சொல்லிக்கொண்டே செத்துப்போனார். அந்தக் குற்றத்துக்கு மட்டும் நாற்பது பிடி கிடைக்கவில்லை.

முகாமில் கட்டிக்கொண்ட மனைவி சுப்பம்மா நேர் எதிர். செய்ததையே ஒப்புக்கொள்ள மாட்டார். "நீ ஒத்துக்கிட்டு ஒத்துக்கிட்டுத்தான் மனுசா ஊருல தப்பே பெருகிப்போச்சு" என்பார். முப்பது வருடம் பெல்மூரில் கொழுந்து பறித்தவர். மழையும் பனியும் முதுகில் வாங்கி வாங்கி, ஐம்பது வயதுக்குமேல் நெஞ்சில் இளைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் சொன்னார்கள்: புகை ஆகாது. அடுத்த வாக்கியத்திலேயே சொன்னார்கள்: குளிரும் ஆகாது. நெருப்பும் கூடாது, நெருப்பில்லாமலும் கூடாது என்ற இந்த வைத்தியத்தை நடைமுறைப்படுத்த வீரையா கண்டுபிடித்ததுதான் மேற்படி இரும்புச் சட்டி.

தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கொரு தடவை முட்டிக்குக் கீழே வெட்டிவிடுவார்கள். கவாத்து என்று பெயர். வெட்டிப்போட்ட குச்சி தொழிலாளிக்கு. அது வெள்ளைக்காரன் காலத்து மாமூல். கற்பூர மரம் என்று மலையில் சொல்கிற யூக்கலிப்டஸின் சுள்ளி பட்டென்று பிடித்துப் பட்டென்று அணைந்துவிடும். கவாத்துக் குச்சி அப்படியல்ல, இரும்பு மாதிரி. மெதுவாகப் பிடித்தாலும் கங்கு விடியும்வரை நிற்கும். வீரையா சாயங்காலம் வாசலில் குச்சியைக் கொளுத்தி, புகை முழுக்க ஆகாயத்துக்குப் போகிறவரை விசிறிவிட்டு, கங்கை மட்டும் சட்டியில் அள்ளிக் கட்டிலுக்குக் கீழே வைப்பார். காற்றோட்டத்துக்கு ஓட்டில் இருந்த ஓட்டைகளே போதும். ஒரு சட்டிக் கங்குக்கு ஒரு ராத்திரி மூச்சு. இந்தக் கணக்கில்தான் சுப்பம்மா நாலு மார்கழியைத் தாண்டினார்.

தேயிலை விலை விழுந்து ஆறேழு வருடமாகியும் எழுந்திருக்காத காலம் அது. வாரத்தில் ஆறு நாள் வேலை நாலாகி, நாலு மூன்றானது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் திருப்பூருக்குப் பஸ் ஏற்றினார்கள். மேனேஜர் நாச்சிமுத்து பொள்ளாச்சிக்காரர். தொரை என்று கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லமாட்டார். தேயிலை விற்பதைவிட மரம் விற்பது லாபம் என்பதை அவர் அந்த வருடம்தான் கண்டுபிடித்திருந்தார். கற்பூர மரங்கள் லாரி லாரியாக மலையிறங்கின. பேக்டரியில் இலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு பற்றாமல் போனது. கவாத்துக் குச்சி மாமூல் மட்டும் இல்லாவிட்டால் எவ்வளவு சௌகரியம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். மாமூலைத் தொட்டால் சண்டை வரும். அதனால் யோசனையோடு நின்றது.

இந்த நிலையில்தான் ஐப்பசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'நாளைய மூச்சு' என்ற அறக்கட்டளையிலிருந்து ஷண்முகப்ரியா என்ற பெண் கையில் பாரக் கட்டோடு வந்தார். கோயம்புத்தூரில் படித்தவர், நல்ல பெண், மலையேறியதிலிருந்து ஜலதோஷம். பருவநிலை மாற்றம், வீட்டு எரிபொருள் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நாற்பத்திரண்டு கேள்வி. அதற்குள் குன்னூர் டவுனை முடித்திருந்தார். அறக்கட்டளைத் தலைவி ஜானகி அம்மாள் வீட்டில், மூன்று கெய்சரும் கணப்புமாக இருந்த பங்களாவில், காரணம் "ஏழைகள் மரம் வெட்டுவது" என்று பதிவாகியிருந்தது. கடைவீதிக்காரர்கள் சைனா என்றார்கள். ரிட்டையரான கிளார்க் ஒருவர் இந்தக் காலத்துப் பெண்கள் உடுத்தும் உடைதான் காரணம் என்று அடித்துச் சொன்னார். தன் வீட்டை யாருமே சொல்லவில்லை. எண்பது சதவீதம் பேர் மிகுந்த கவலை தெரிவித்திருந்தார்கள்.

லயத்துப் பீலியடியில், தண்ணீர் விழும் அந்தக் குழாயைச் சுற்றி, ஆண்களும் பெண்களும் கூடினார்கள். மேனேஜரும் கூடவே வந்து நின்றார்.

"ஏனுங்க, உலகம் சூடாயிட்டு வருதுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"எங்கிட்டு வருது தாயி?" என்றார் வீரையாவின் பக்கத்து வீட்டுப் பாண்டியன். "ஜெகதளா வரைக்கும் வந்திருச்சா? கீழ் லயத்துக்கு எப்ப வரும்னு சொன்னா, கம்பளியத் தொவைச்சு மடிச்சு வச்சிருவோம்."

"வந்தா மொதல்ல ஏழாம் நம்பருக்குப் போகச் சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல். எல்லாரும் சிரித்தார்கள். சுப்பம்மாவும் சிரிக்கப் பார்த்து, இருமலாக முடித்தார்.

ஷண்முகப்ரியா 'கேள்விப்பட்டதில்லை' என்று டிக் செய்தார்.

"மழ, குளிரு இதெல்லாம் முன்னமாதிரி இருக்குதுங்களா அக்கா?"

"எங்கம்மா இருக்குது" என்றார் சுப்பம்மா. "மழை வரவேண்டிய மாசத்துல காணல. வேணாங்குற மாசத்துல வந்து தோட்டத்தையே அரிச்சிட்டுப் போகுது. பனி முன்னெல்லாம் தைக்கு முன்னால எட்டிப் பாக்காது. இப்ப கார்த்திகையிலயே கொழுந்தைக் கருக்குது. பகல்ல வெயில் தாங்கல, சாயந்தரமானா குளிரு தாங்கல. எங்களுக்கு வயசாயிருச்சா, மலைக்கு வயசாயிருச்சான்னு தெரியல."

பாரத்தில் அதற்கு ஒரு வரிதான் இடம் இருந்தது. 'மாற்றம் உண்டு' என்று எழுதினார்.

"வெறகு எதுக்குங்க உபயோகிக்கறீங்க? சமையலுக்குங்களா, வெந்நீருக்குங்களா, விக்கறதுக்குங்களா?"

"குளிர் காயத்தாம்மா."

ஷண்முகப்ரியா பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாரம் கோயம்புத்தூரில் சித்திரை மாதத்தில் தயாரானது. "குளிருக்குக் கட்டம் போடலீங்கக்கா. சமையல்னே போட்டுக்கறேனுங்க."

"போட்டுக்கம்மா. சோறு எப்புடியும் வெந்துரும். நாங்கதான் வேகல."

இருபத்துமூன்றாவது கேள்வி வந்தது. ஷண்முகப்ரியா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். இந்தக் கேள்விக்கு மட்டும் பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது, அவர்களாகச் சொல்லும்வரை பேசாமல் காத்திருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

"இப்படி மழையும் வெயிலும் மாறிப்போனதுக்கு யாரு காரணம்னு நெனைக்கறீங்க?"

பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்.

யாரும் பேசவில்லை. பக்கத்தில் தொரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். பீலியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அரை நிமிடம் ஆயிற்று. அந்த மௌனம் அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் பழக்கமான மௌனம். கண்கள் ஒவ்வொன்றாக வீரையா பக்கம் திரும்பின.

வீரையா ஓர் அடி முன்னால் வந்தார். வலது கை இடது முழங்கையைத் தானாகவே தேடிப் பிடித்தது.

"நாந்தாங்கம்மா."

"நீங்களா?"

"நாந்தாங்க. தப்பு என்னுதுதாங்க."

"எப்படீங்கய்யா?"

எப்படி என்று பெரட்டில் யாரும் கேட்டதில்லை. வீரையா திணறி, சுற்றுமுற்றும் பார்த்து, வாசலில் கவிழ்த்து வைத்திருந்த சட்டியைக் கண்டு, "வெறகு எரிக்கிறேங்க. தெனமும் எரிக்கிறேங்க" என்றார்.

கேங் பெருமூச்சு விட்டது. ஷண்முகப்ரியா அதற்குப் பிறகு வீடு வீடாகக் கேட்டபோது முப்பத்தெட்டு வீட்டிலும், "அதான் வீரையா ஒத்துக்கிட்டாரே" என்றே பதில் வந்தது. மூன்று மாதமாக மலை முழுவதும் அலைந்தும் கிடைக்காத ஒரு பதிலைக் கேட்டுவிட்ட அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியதாகப் பாண்டியன் சொல்கிறார், ஜலதோஷமாகவும் இருக்கலாம்.

கார்த்திகையில் குன்னூரில் விழா. மண்டபத்தில் இரண்டு பெரிய மின்சாரக் கணப்புகள் சிவந்து எரிந்தன. வீரையா வாழ்க்கையில் முதல் தடவையாக மார்கழிக்கு முந்தின மாதத்தில் வியர்த்தார். ஜானகி அம்மாள் அவருக்குச் சால்வை போர்த்தி, "படித்தவர்களுக்கு இல்லாத மனசாட்சி இந்த எளிய மனிதருக்கு இருக்கிறது" என்று பேசினார். பிறகு மைக்கை வீரையா கையில் கொடுத்துவிட்டார்கள். எதிரே முன்னூறு பேர். அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். இப்படிப்பட்ட சந்தர்ப்பத்தில் சொல்ல அவருக்குத் தெரிந்த வாக்கியங்கள் இரண்டுதான்.

"தப்பு என்னுதுதாங்க. இனிமே நடக்காதுங்க."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டல் ஓய்வதற்குள் நாச்சிமுத்து மேடையேறிவிட்டார். பெல்மூர்த் தொழிலாளர்களே மனமுவந்து விறகைக் கைவிட முன்வந்திருப்பதால், நாளை முதல் விறகு எடுக்கும் பாஸும் கவாத்துக் குச்சியும் நிறுத்தப்படுகின்றன என்றார். அதற்குப் பதிலாக வீட்டுக்கொரு சூரிய அடுப்பை அறக்கட்டளை வழங்கும் என்றார் ஜானகி அம்மாள். இரண்டாம் தடவையும் கைதட்டல். என்ன நடந்தது என்று வீரையாவுக்குப் புரிந்தபோது சால்வையை மடித்துத் தோளில் போட்டுப் போட்டோ எடுத்து முடித்திருந்தார்கள்.

சூரிய அடுப்பு என்பது கறுப்புச் சாயம் பூசிய ஒரு தகரப் பெட்டி, மேலே கண்ணாடி. வெயில் நன்றாக இருந்தால் மூன்று மணி நேரத்தில் சோறு வேகும். வெயில் நன்றாக இருக்கும் நேரத்தில் வீட்டில் ஆள் இருக்காது; ஆள் இருக்கும் நேரத்தில் வெயில் இருக்காது. பாண்டியன் வீட்டுக் கோழி அதில் அடைகாத்தது. சோற்றை ரேஷன் மண்ணெண்ணெய் பார்த்துக்கொண்டது. மண்ணெண்ணெயில் கங்கு விழாது. எஸ்டேட் எல்லையைத் தாண்டிக் காட்டில் சுள்ளி பொறுக்கினால் கேஸ். சுப்பம்மா மத்தியானம் பெட்டிக்குள் இரண்டு பாட்டில் தண்ணீர் வைத்து, சாயங்காலம் அவற்றைக் கம்பளிக்குள் கட்டிக்கொண்டு படுத்தார். ஏழு மணிக்கெல்லாம் பாட்டில்கள் அவரைவிடக் குளிர்ந்துபோயின.

வீரையா ஆபீஸ் வாசலில் போய் நின்றார்.

"தொரை, ஒரே ஒரு கட்டுக் குச்சி. வீட்டுல இளைப்பு சாஸ்தியா இருக்குங்க."

"ஏனய்யா, ஊரக் கூட்டி மேடையில சொன்னது நீயி. சால்வ வாங்குனது நீயி. இப்ப நீயே வந்து கேக்கறயே, நல்லா இருக்குதா?" என்றார் நாச்சிமுத்து.

"அந்தக் குச்சியெல்லாம் பேக்டரிக்குத்தானுங்க போகுது. அங்கயும் எரிக்கத்தானுங்க செய்றாங்க."

"அது வேற, இது வேறய்யா. அங்க எரிஞ்சா தேயிலை வருது. உன்ற ஊட்ல எரிஞ்சா என்ன வருது?"

"அவளுக்கு மூச்சு வருதுங்க தொரை."

நாச்சிமுத்து பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, "போய் வேலையப் பாருய்யா" என்றார். வேலை அன்றைக்கு இல்லை.

அடுத்து அவர் செய்ததை வாழ்க்கை வரலாறு எழுதுகிறவன் மறைக்கக் கூடாது. கவாத்து நடந்த மலைமுகட்டிலிருந்து இறங்கும்போது, இடுப்பில் சுற்றிய சாக்குக்குள் குச்சிகளைச் செருகிக்கொண்டு வந்தார். ஐம்பத்தைந்து வயதில், அத்தனை குற்றங்களை ஒப்புக்கொண்ட பிறகு, அவர் செய்த முதல் குற்றம் அது. அனுபவம் போதவில்லை. நாலாம் நாள் சாக்கு நழுவி ஏழு குச்சி பாதையில் விழுந்தது. பின்னால் வந்த வாட்சர் வேலன் அவற்றைப் பொறுக்கி ஆபீசில் கொடுத்தார்.

மறுநாள் பெரட்டில் நாச்சிமுத்து குச்சிகளைத் தூக்கிக் காட்டினார். "யாரு?"

வீரையா முன்னால் வந்தார். இந்தத் தடவை கை முழங்கையைத் தேடவில்லை.

"நாந்தாங்க தொரை."

நாச்சிமுத்து சிரித்துவிட்டார். "உன்னக் கேக்கலய்யா. நெசமாலுமே எடுத்தது யாருன்னு கேக்கறேன்."

"நெசமாலுமே நாந்தாங்க."

"முப்பது வருசமா எல்லாத்துக்கும் நீதான். போன வருசம் பேக்டரி பெல்ட் அறுந்ததுக்கும் நீதான். உலகம் சூடாறதுக்கும் நீதான். கள்ளனக் காப்பாத்தறதுக்கு உன்னய விட்டுட்டு எல்லாரும் நிக்கறீங்களா? மொத்தக் கேங்குக்கும் அரைப்பேர் வெட்டு."

வாரத்தில் மூன்று நாள் வேலை. அதில் அரை நாள் போயிற்று. பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு வீரையாவைக் கடந்து போனார்கள். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

"ஏன்யா" என்றார் பாண்டியன், "உன் வாயில உண்மை வந்தாக்கூடப் பொய் மாதிரியில்ல வருது. கொஞ்சம் பழகியிருக்கக் கூடாதா?"

வீட்டில் சுப்பம்மா கேட்டார்: "நீதான் எடுத்தியா?"

"நாந்தான்."

"நீ சொல்றத நான் நம்புறேன். பாரு, உனக்கு வாச்சதே நான் ஒருத்திதான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் மூச்சு விடறதுக்கு ஊரே அரைப்பேரு குடுக்கணுமா? இனிமே ஒரு குச்சி எடுத்துட்டு வந்தே, நான் எந்திரிச்சு வாசல்ல போய்ப் படுத்துக்குவேன்."

சொன்னால் செய்கிறவர். வீரையா எடுக்கவில்லை.

திருப்பூரிலிருந்து மகள் கடை போனில் பேசினாள். "அம்மாவ இங்க கூட்டிட்டு வாங்கப்பா. இங்க ராத்திரியிலகூட வேர்க்குது." எட்டுப் பேர் தங்கும் அறையில் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறாளாம். பொங்கல் கழித்துப் போவது என்று முடிவாயிற்று. சுப்பம்மா துணி மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு, "உலகத்தையே சூடாக்கின மனுசன், என்னயச் சூடாக்க பஸ்ஸேத்தி அனுப்புறாரு பாரு" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார்.

மார்கழி இருபதுக்குமேல் ஐந்து நாள் உறைபனி. காலையில் புல்லெல்லாம் உப்புக் கொட்டினமாதிரி கிடந்தது. சூரிய அடுப்பின் கண்ணாடிமேல் பனி ஏடு கட்டியிருந்தது. நாலாம் நாள் காலையில் பெரட்டுக்குச் சங்கு ஊதியபோது சுப்பம்மா எழுந்திருக்கவில்லை. முப்பது வருடத்தில் அந்தச் சங்குக்கு அவர் எழுந்திருக்காதது அதுவே முதல் தடவை. இரண்டு பாட்டிலையும் கட்டிப்பிடித்திருந்தார்.

சாவு விழுந்த வீட்டுக்கு இரண்டு சுமை விறகு கொடுக்க வேண்டும் என்பது எஸ்டேட்டில் இன்னொரு மாமூல். சடலத்தைக் குளிப்பாட்ட வெந்நீர் வைக்கவும், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போடவும். இதை நிறுத்துவதாக எந்த மேடையிலும் யாரும் அறிவிக்கவில்லை. நாச்சிமுத்து அரை மணி நேரத்தில் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார், வருத்தமும் தெரிவித்தார். விறகு வந்து சேர்வதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் முந்தானைக்குள்ளிருந்து ஒரு பிடி கவாத்துக் குச்சியை எடுத்து வாசலில் போட்டாள். போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய் உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு வீட்டிலும் குச்சி இருந்திருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிழவரோ ஒரு கைக்குழந்தையோ இருந்தது. தன் வீட்டில் ஒளித்து வைத்திருப்பதை இன்னொரு வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. ஏழாம் நம்பருக்குச் சொல்வது அதைவிட ஆபத்து; அந்த மனுசன் ஒப்புக்கொண்டுவிடுவார்.

வீரையா சட்டியை எடுத்துக் கழுவி, கங்கை அள்ளிக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். யாரும் தடுக்கவில்லை. அந்த மார்கழியில் அந்த வீடு அன்றைக்குத்தான் சூடாயிற்று. துக்கம் கேட்க வந்தவர்கள் எழுந்துபோக மனமில்லாமல் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்கள். கைகளைச் சட்டிப் பக்கம் நீட்டிக்கொண்டு, நல்ல சாவு என்றார்கள்.

சித்திரையில் ஷண்முகப்ரியா மறுபடி வந்தார். திட்டம் முடிந்ததும் அதே நாற்பத்திரண்டு கேள்வியை மறுபடி கேட்டு, மக்கள் மனம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளக்க வேண்டும். மறுபடி பீலியடி, மறுபடி நாற்பது பேர், மறுபடி மேனேஜர். சுப்பம்மா போனது அவருக்குத் தெரியாது. பட்டியலில் பெயரை வாசித்தார். பாண்டியன் சொன்னதும் சற்று நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார்.

"அய்யா, வேண்டாம்னா உங்கள விட்டரட்டுங்களா?"

"பரவால்ல, கேளுங்கம்மா."

"இப்ப ஊட்ல வெறகு எவ்வளவுங்க ஆகுது?"

"ஒண்ணும் ஆகறதில்லீங்கம்மா. வேண்டியிருக்கல."

அது பூஜ்யம் என்று பதிவாயிற்று. பெல்மூரில் விறகை முழுவதுமாகக் கைவிட்ட முதல் வீடு ஏழாம் நம்பர் என்று அறிக்கையில் இருக்கிறது. பேக்டரி அடுப்பு வீட்டுக் கணக்கில் வராது.

இருபத்துமூன்றாவது கேள்வி. பாரத்தைப் பார்க்காமலே ஷண்முகப்ரியா கேட்டார். அவருக்குப் பதில் தெரியும். எல்லாருக்கும் தெரியும். நாச்சிமுத்துகூட ஏற்கெனவே தலையை ஆட்டத் தொடங்கியிருந்தார்.

"இதுக்கெல்லாம் யாரு காரணம்னு நெனைக்கறீங்கய்யா?"

மௌனம். பீலித் தண்ணீர். கண்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வீரையா தன் இரண்டு கைகளையும் பார்த்தார். எது எதைப் பிடிக்க வேண்டும் என்று அவற்றுக்கே மறந்துபோனதுபோல் தொங்கின.

"நான் இல்லீங்கம்மா" என்றார்.

ஷண்முகப்ரியா பாரத்தில் மேலும் கீழும் தேடினார். அப்படி ஒரு கட்டம் இல்லை. 'தெரியாது' என்பதில் டிக் செய்ய வேண்டியதாயிற்று. பெல்மூரில் விழிப்புணர்வு சரிந்துவிட்டது, மறுபயிற்சி தேவை என்று அறிக்கை முடிகிறது.

வீரையா குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். ஷண்முகப்ரியாவின் பேனா மறுபடி தூக்கியபடி நின்றது. தொரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பீலியடியில் மீதி முப்பத்தொன்பது பேரும், முன்னால் வரப்போவது யார் என்று பக்கத்தில் இருப்பவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.